ஓவர்கமிட்: 'மிகை ஒதுக்கீடு' வேண்டாம், 'மிகையேற்பு' எனலாம்

இருக்கும் நினைவகத்தைவிட அதிகமான அளவை நிரல்களுக்குத் தர இயங்குதளம் ஒப்புக்கொள்வதே ஓவர்கமிட் (overcommit). அதற்குத் தமிழில் 'மிகை ஒதுக்கீடு' என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. கேட்டவுடன் விளங்குவது அதன் பலம். ஆயினும் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) செய்வதற்கு நேர்மாறான படத்தை அது மனத்தில் பதிப்பதால், அதை என்னால் ஆதரிக்க இயலவில்லை.

ஒரு நிரல் மாலக் (malloc, நினைவகம் கேட்கும் சார்பு) வழியாக 1 ஜிபி கேட்கும்போது கெர்னல் ரேமில் அந்த அளவை எடுத்து வைப்பதில்லை. நிரலின் முகவரி வெளியில் (அது பயன்படுத்தக்கூடிய நினைவக முகவரிகளின் தொகுப்பில்) ஓர் எல்லையைக் குறித்துக்கொண்டு 'சரி' என்கிறது, அவ்வளவே. நிரல் ஒரு பக்கத்தில் (நினைவகம் பிரிக்கப்படும் சிறு துண்டில்) முதன்முதலாக எழுதும்போதுதான் பக்கப்பிழை (அந்தப் பக்கத்துக்கு இன்னும் இடம் தரப்படவில்லை என்று கெர்னலை அழைக்கும் குறுக்கீடு) எழுந்து, எக்ஸ்86 கணினிகளில் வழக்கமாக 4 கேபி அளவுள்ள அந்த ஒரு பக்கத்துக்கு மெய்யான இடம் தரப்படுகிறது. எனவே இங்கே மிகையாவது ஒதுக்கீடு அன்று. கெர்னல் ஏற்றுக்கொண்ட வேண்டுகோள்களின் கூட்டுத்தொகைதான் இருப்பை மீறுகிறது.

இதை வீண் துணிச்சல் என்றும் தள்ளிவிட முடியாது. ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம்) இல்லாத 16 ஜிபி கணினியில் 10 ஜிபி தரவை வைத்திருக்கும் ஒரு தரவுத்தளம் ஃபோர்க் செய்தால் (தன்னைப் போலவே இன்னொரு செயலாக்கத்தை உருவாக்கினால்), ஏட்டுக்கணக்கின்படி 20 ஜிபி வேண்டும். ஆனால் எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் முறையில் இரு செயலாக்கங்களும் அதே பக்கங்களைப் பகிர்ந்துகொள்வதால், மாறும் பக்கங்களுக்கே புதிய இடம் தேவைப்படுகிறது. கறாராகக் கணக்கு வைக்கும் கெர்னல் இந்த ஃபோர்க்கை மறுத்துவிடும். ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் பயனர்களிடம் ஓவர்கமிட் அமைப்பை 1 என, அதாவது எல்லா வேண்டுகோள்களையும் ஏற்கும்படி, வைக்கச் சொல்வது இதனால்தான்.

இதற்கான விலை பின்னர் வருகிறது. மாலக் தோற்றால் வெற்றுச்சுட்டி (எந்த இடத்தையும் சுட்டாத மதிப்பு) கிடைக்கும். கவனமாக எழுதப்பட்ட நிரல் அதைச் சோதித்துத் தரவைச் சேமித்துவிட்டு வெளியேறலாம். பக்கப்பிழையின்போது இடமில்லை என்றாலோ, அதை நிரலுக்குத் தெரிவிக்கத் திருப்பு மதிப்பு என்று ஒன்றும் இல்லை. நினைவகம் தீரும்போது இயங்கும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் (OOM killer) மதிப்பெண் பார்த்து ஒரு செயலாக்கத்தைக் கொல்கிறது, அது கடைசியாக இடம் கேட்ட செயலாக்கமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விண்டோஸ் மாற்றுவழியைத் தேர்ந்தது: முகவரியைக் குறித்துவைப்பதும் நினைவகத்துக்குப் பொறுப்பேற்பதும் அங்கே தனித்தனிப் படிகள், பொறுப்பேற்ற மொத்தம் ரேமும் பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப் கோப்பு) சேர்ந்த அளவைத் தாண்ட விடப்படுவதில்லை.

'மிகையுறுதி' என்ற இன்னொரு பரிந்துரை கருத்தளவில் சரியே. ஆனால் 'மிகையுறுதி கொண்ட கெர்னல்' என்று எழுதினால் எளிதில் குலையாத கெர்னல் என்றே படிப்பவர் கொள்வார். ஓஓஎம் கில்லரை நேரில் கண்டவர்களுக்கு அது கேலியாகவும் படலாம்.

ஆகவே 'மிகையேற்பு' என்பதை முன்மொழிகிறேன். கெர்னல் ஏற்கிறது, ஆனால் இன்னும் தரவில்லை என்ற இடைவெளி அதில் நிற்கிறது. துணைச்சொற்களும் சிக்கலின்றிப் பிறக்கின்றன. ஏற்றுக்கொண்ட மொத்த அளவு 'மொத்த ஏற்பு' ஆகும். அமைப்பை 2 என வைக்கும்போது செயல்படும் முறை 'கறார் ஏற்பு' ஆகும். அதில் ஸ்வாப் அளவோடு, இயல்பாக ரேமில் 50 விழுக்காட்டைக் கூட்டி வரும் எல்லையை 'ஏற்பு வரம்பு' எனலாம். 'மிகையேற்றம்' என்று மட்டும் திரித்துவிடக் கூடாது, அது பாரம் மிகுந்த நிலையைக் குறித்துவிடும். கண்கூடாக அளவுமீறிய வேண்டுகோளை மட்டும் மறுத்து மற்றவற்றை ஏற்கும் இயல்பு முறையான 0-க்கு 'தோராய ஏற்பு' என்பது சற்றே தளர்வாக இருக்கிறது. அதனினும் செறிவான சொல் இருப்பின் முன்வைக்க வேண்டுகிறேன்.