ரொயோட்டா 86: வீதிக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே ரயர் போதுமா?

கேள்வி (கொக்குவிலிலிருந்து)

வணக்கம். என்னுடைய கார் ரொயோட்டா 86. ரயர் அளவு 215/45R17. இதுவரை பூட்டியிருந்தது தொழிற்சாலையில் வரும் அதே மிஷெலின் பிறைமசி எச்பி வகைதான். தவாளிப்புகளின் அடியில் உள்ள தேய்வு அடையாளம் மேற்பரப்போடு சமமாகிவிட்டதால் நான்கையும் மாற்ற வேண்டியுள்ளது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை களுத்துறைக்கு அருகில் உள்ள கட்டுக்குருந்த தடத்தில் ஓடுவேன். மற்ற நாட்களில் பலாலி வீதியும் ஏ9 வீதியுந்தான். பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்ஈ-71ஆர்எஸ், யோக்கோஹாமா அட்வான் ஏ052, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5 ஆகிய மூன்றில் எதைத் தெரிவு செய்யலாம்? முதலிரண்டுக்கும் தேய்மான எண் 200 என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில் 1 (சாவகச்சேரியிலிருந்து)

தம்பி, அந்த எண்ணை நம்பித் தெரிவு செய்யாதீர்கள். 100 என்று வைத்துக்கொண்ட ஓர் ஒப்பீட்டு ரயருக்கு எதிராகத் தமது ரயரை ஓட்டிப் பார்த்து, உற்பத்தியாளரே இடுகின்ற எண் அது. பிடிமானத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை; 200 என்று பொறித்த இரண்டு ரயர்கள் ஒரே காலம் உழைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஏ052 சூடேறுவதற்கு முன்பே நன்றாகப் பிடிக்கும், ஓரிரு சுற்றுகளுக்கு மிக வேகமானது. ஆனால் விடாமல் ஓடினால் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடியை இழக்கத் தொடங்கும். எங்கள் வெயிலில் அந்த எல்லை இன்னும் விரைவாக வந்துவிடும். ஒரு சுற்று நேரத்துக்காக மட்டும் ஓடுபவருக்கு அது பொருந்தும். பத்து நிமிடம் தொடர்ந்து ஓடிப் பழக விரும்பும் உங்களுக்கு ஆர்ஈ-71ஆர்எஸ் மேல் என்பது என் எண்ணம்.

ஆனால் கட்டுக்குருந்தவுக்குப் போக நானூறு கிலோமீற்றருக்கு மேல் வீதியில் ஓட வேண்டும், திரும்பவும் அதே தூரம் வர வேண்டும். நான் ஒருமுறை, மாரி தொடங்கிய நாட்களில், பாதி தேய்ந்த 200 வகை ரயரோடு இரவில் வந்துகொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சில்லுகள் ஓடி ஓடிப் பள்ளமான இடத்தில் தண்ணீர் நின்றிருக்க, அதில் ஏறிய கணத்தில் கைக்குள் இருந்த ஸ்ரியறிங் பாரமே இல்லாமல் போனது. அறுபதில் வந்தபடியால் தப்பினேன். சற்றுத் தள்ளி வீதியின் நடுவே கட்டாக்காலி மாடுகள் படுத்திருந்தன. அந்த நீர் அவற்றுக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். இந்த வகை ரயர்களில் தவாளிப்புக் குறைவு, இறப்பர் தரையில் படும் பரப்புக் கூட. காய்ந்த தடத்தில் நன்மை தருகிற அதே அமைப்பு, தேயத் தேய நீரை வெளியேற்ற முடியாமல் செய்துவிடுகிறது. எனவே வீதிக்குப் பைலட் ஸ்போர்ட் 5, தடத்துக்கு வேறு றிம்மில் ஆர்ஈ-71ஆர்எஸ் என்று இரண்டு சோடியாக வைத்திருங்கள்.

பதில் 2 (திருநெல்வேலியிலிருந்து)

ஆண்டுக்கு மூன்று நாளுக்காக இன்னொரு நான்கு றிம் வாங்கச் சொல்வது எல்லோருக்கும் இயலாத காரியம். பைலட் ஸ்போர்ட் 5 ஒன்றையே பூட்டிக்கொண்டு, இரண்டு சுற்று வேகமாகவும் அடுத்த சுற்று ஆறுதலாகவும் ஓடினால் ரயர் தாங்கும். 86 இல் முன் சில்லுகளுக்குத் தொழிற்சாலை தரும் கேம்பர் சாய்வு (சில்லின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மிகக் குறைவு என்பதால், தடத்தில் எந்த ரயரைப் பூட்டினாலும் வெளி ஓரந்தான் முதலில் போகும். ஓடி முடிந்ததும் அந்த ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் அரம் போலவும் இருந்தால், ரயரை மாற்றுவதற்கு முன்பு ரோ (toe) கோணத்தை, அதாவது சில்லுகளின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, திருத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மழை பற்றிய செய்தி என்னை யோசிக்க வைத்துவிட்டது. இரண்டு சோடிக்கே மனம் போகிறது, ஆனால் நான்கு சில்லுகளை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது?

பதில் 1 (சாவகச்சேரியிலிருந்து)

காருக்குள்ளேயே கொண்டுபோகலாம். பின் இருக்கையை மடித்தால் நான்கு சில்லுகள் கொள்ளும்படிதான் 86 ஐ வடிவமைத்தார்கள். துணியால் சுற்றி, பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். தடத்தில் காற்றைச் சில்லு குளிர்ந்திருக்கும்போது குறைத்து வையுங்கள். 30 பாகையில் 30 பிஎஸ்ஐ அடித்த ரயர் 60 பாகைக்குச் சூடேறினால் 34 ஐத் தாண்டிவிடும், எனவே ஓடிவந்த உடனே மறுபடி அளந்து பார்ப்பது அவசியம். வீட்டுக்குப் புறப்படும்போது மற்றச் சோடியின் காற்றையும் பாருங்கள். வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களை வாசியுங்கள்: 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். இந்த வகை ரயர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் விலைப்படாதபடியால் கடையில் நெடுநாள் கிடக்கக்கூடும். நான்கிலும் அந்த எண்ணைப் பார்க்காமல் பூட்ட விடாதீர்கள்.