ஸ்டீலா, அலுமினியமா: முதுகுத் தகட்டின் எடையை எங்கே வைப்பது?

நீலத்திரை:
ஜாக்கெட் வகை மிதப்புக் கருவியை விட்டு, முதுகுத் தகடும் (சிலிண்டரை முதுகில் தாங்கும் உலோகத் தகடு) விங்கும் (அதில் பொருத்தும், காற்று நிரப்பும் மிதப்புப் பை) கொண்ட அமைப்புக்கு மாற முடிவு செய்திருக்கிறேன். பெரும்பாலும் 5 மி.மீ. வெட்சூட் (குளிர் தாங்கும் நியோப்ரீன் ரப்பர் உடை), 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் ஒன்று, இடுப்புப் பட்டையில் 6 கிலோ ஈயம் ஆகியவற்றுடன் கடலில் முக்குளிக்கிறேன். வெதுவெதுப்பான கடல்களுக்குப் பயணம் செல்லும்போது 3 மி.மீ. உடையும் 3 கிலோ ஈயமும் போதுமானவை. எந்தத் தகட்டை வாங்கலாம் என்பதைக் காரணத்துடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆழிமகன்:
ஸ்டீல் தகட்டையே வாங்குங்கள். 3 மி.மீ. தடிமனுள்ள ஸ்டீல் தகடு ஏறத்தாழ 2.7 கிலோ இருக்கும். அதே அளவில் அலுமினியத்தில் செய்தது 0.9 கிலோதான். இரண்டும் ஒரே அளவு நீரையே விலக்குவதால், நீருக்குள்ளும் அந்த 1.8 கிலோ வேறுபாடு அப்படியே நிற்கும். அலுமினியத்தை எடுத்தால் ஏறக்குறைய 2 கிலோ ஈயத்தைக் கூடுதலாக இடுப்பில் சுமக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

எடையின் அளவைவிட அது அமரும் இடம் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. உடலை மேலே தூக்குவது நெஞ்சில் உள்ள நுரையீரல், கீழே இழுப்பது இடுப்பில் உள்ள ஈயம் என்றால், கால் தாழ்ந்து உடல் சாய்ந்துவிடுகிறது; சாய்ந்த உடலை முன்னே தள்ள அதிகம் உதைக்கிறோம், அதனால் காற்றும் விரைவில் தீர்கிறது. ஸ்டீல் தகடு நுரையீரலுக்கு நேர் பின்னால் அமர்ந்து அந்தச் சாய்வைக் குறைக்கிறது. காற்று தீரும் தறுவாயில் உங்கள் அலுமினிய சிலிண்டரே 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவான விசையுடன் மேலே மிதக்க முயலும். அதையும் இந்தத் தகடு அதே இடத்திலேயே சமன் செய்கிறது.

துடுப்பு:
ஆழிமகன் கூறிய கணக்கை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. தகட்டில் உள்ள எடையை அவசரத்தில் கழற்றி எறிய முடியாது. நீங்கள் 30 மீட்டரில் இருக்கிறீர்கள், சிலிண்டர் இன்னும் நிறைந்திருக்கிறது, விங் கிழிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அழுத்தம் கடல்மட்டத்தைவிட 4 மடங்கு. வெட்சூட்டின் நியோப்ரீனில் உள்ள வாயுக் குமிழ்கள் நசுங்கி, உடை தன் மிதப்பில் பெரும்பகுதியை இழந்திருக்கும். அதோடு சிலிண்டரில் இருக்கும் இரண்டரைக் கிலோ காற்றின் எடையும் உங்களைக் கீழே இழுக்கும். பட்டையில் ஈயம் இருந்தால் அதை விடுவித்துவிட்டு மேலே வர வழியுண்டு. 3 மி.மீ. உடையில் உங்களுக்குத் தேவைப்படும் 3 கிலோவை ஸ்டீல் தகடு ஏறத்தாழ முழுவதுமாக எடுத்துக்கொள்வதால், விடுவிக்க எதுவும் மிஞ்சாது. விமானத்தில் பெட்டியின் எடை கூடுவது இதற்குப் பிறகு வரும் சிறிய தொல்லைதான்.

ஆழிமகன்:
3 மி.மீ. உடையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. நான் 5 மி.மீ. உடையை மனத்தில் வைத்தே எழுதினேன். ஆனால் ஆழத்தில் பட்டை முழுவதையும் உதறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 6 கிலோவும் ஒரே நொடியில் போய்விட்டால், மேலே வர வர உடை விரிந்து, கடைசி 10 மீட்டரில் ஏறும் வேகத்தை யாராலும் அடக்க முடியாது. ஸ்டீல் தகட்டுக்குப் பிறகும் பட்டையில் 3 கிலோவுக்கு மேல் எஞ்சும். அதை இரண்டு பைகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் விடுவிக்கும்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

துடுப்பு:
பிரித்து வைப்பது நல்ல யோசனை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும், ஈயத்தைச் சிலிண்டரின் மேல்பட்டையில் மாட்டினால் அலுமினியத் தகட்டிலும் உடலைக் கிடைமட்டமாக வைக்கலாம் என்பதை நீலத்திரை அறிந்திருக்க வேண்டும்.

உப்புக்காற்று:
இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். அலுமினியத் தகட்டில் ஸ்டீல் போல்ட்டுகளை நேரடியாக முடுக்கினால், உப்புநீரில் இரு உலோகங்களும் சேர்ந்து ஒரு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்படும். என் தகட்டில் துளைகளைச் சுற்றி வெண்பொடி படிந்தபோதுதான் இதைக் கற்றுக்கொண்டேன். பிளாஸ்டிக் வாஷர் இட்டு, ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவினால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஸ்டீலில் 316 ரகம் மாலிப்டினம் கலந்திருப்பதால் 304 ரகத்தைவிடக் கடல்நீருக்கு ஏற்றது.

நீலத்திரை:
மூவருக்கும் நன்றி. என் முக்குளிப்புகளில் பெரும்பாலானவை 5 மி.மீ. உடையில் நடப்பதால் முதலில் ஸ்டீல் தகட்டை வாங்குகிறேன். விங்கைப் பொருத்தும் துளைகள் இரு வகைத் தகடுகளிலும் 11 அங்குல இடைவெளியில்தான் இருக்கும் என்பதால், பயணத்துக்கென அலுமினியத் தகட்டைப் பின்னர் சேர்த்துக்கொண்டாலும் அதே விங் பொருந்திவிடும் அல்லவா?

துடுப்பு:
பொருந்தும். ஆனால் தகட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஈயத்தின் அளவைப் புதிதாகச் சரிபாருங்கள். சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று எஞ்சியிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில், விங்கில் காற்றே இல்லாமல், இயல்பாக மூச்சுவிட்டுக்கொண்டு அசையாமல் நிற்க முடிய வேண்டும். கீழே போனால் ஈயம் அதிகம், மேலே போனால் குறைவு.