வைஃபை முழுசா இருக்கு, நெட் மட்டும் அடிக்கடி கட் ஆகுது. ரவுட்டரை மாத்தணுமா?

தாமிரபரணி:

வணக்கம். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பிளான். கம்பெனி கொடுத்த ஓஎன்யூ பெட்டியிலிருந்து (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ஒரு லேன் கேபிள் ஹாலில் இருக்கும் என் சொந்த ரவுட்டருக்குப் போகிறது. போன், லேப்டாப், டிவி எல்லாம் அந்த ரவுட்டரின் வைஃபையில்தான்.

ஒரு நாளில் பல தடவை நெட் நின்றுவிடுகிறது. வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்துவிடும். சில நேரம் தானாகத் திரும்பும். சில நேரம் ரெண்டு பெட்டியையும் ஆஃப் செய்து போட்டால்தான் வரும். மழை பெய்தால் இன்னும் மோசம். கஸ்டமர் கேரில் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார்கள், கடையில் ரவுட்டர் பழசு, மாத்துங்க என்கிறார்கள். காசு செலவழிக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நெட்வொர்க்_நிர்வாகி:

இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கு மழை தெரியாது. சந்தேகம் வெளியே வரும் ஃபைபர் மேல்தான். ஆனாலும் ஊகத்தில் நிற்காமல் எந்தக் கண்ணி அறுகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை நெட் நின்றதும் ரீஸ்டார்ட் செய்யாதீங்க. ரீஸ்டார்ட் செய்தால் பெட்டிக்குள் இருக்கும் லாக் பல மாடல்களில் அழிந்துபோகும், காரணமும் அதோடு போய்விடும். அதற்குப் பதில் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து வரிசையாக நாலு பிங் கொடுங்கள் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் ping கட்டளை).

முதலில் உங்கள் ரவுட்டரின் முகவரி. 192.168.0.1 என்று வைத்துக்கொள்வோம். இதற்கே பதில் வரவில்லை என்றால் கோளாறு வைஃபையில். ரெண்டாவது ஓஎன்யூவின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. ரவுட்டர் பதில் தந்து இது தரவில்லை என்றால் நடுவில் உள்ள லேன் கேபிள், அதன் முனை, அல்லது ஓஎன்யூவே தொங்கிப்போயிருக்கிறது. மூன்றாவது 8.8.8.8. ஓஎன்யூ வரை வந்து இங்கே நின்றால் ஃபைபரிலோ கம்பெனி பக்கத்திலோ பிரச்சினை. நாலாவது ஏதாவது ஒரு தளத்தின் பெயர். 8.8.8.8 பதில் தருகிறது, பெயருக்கு மட்டும் பதில் இல்லை என்றால், தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கோளாறு. ரவுட்டரின் டிஹெச்சிபி (போன், லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கும்) அமைப்பில் டிஎன்எஸ் ஆக 1.1.1.1, 8.8.8.8 ரெண்டையும் போட்டால் தீரும்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் இந்தச் சோதனையே குழம்பிவிடும். நெட் விட்டு விட்டு வருவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். உங்கள் ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.50.1 என மாற்றுங்கள், அல்லது அதை வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் போட்டுவிடுங்கள்.

பிங் முடிந்ததும் ஓஎன்யூவின் முகவரியை பிரவுசரில் திறந்து, அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ரெண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது ஒன்று, பிபிபிஓஇ இணைப்பு (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து கம்பெனியோடு சேரும் இணைப்பு) எவ்வளவு நேரமாக அறாமல் இருக்கிறது என்பது மற்றொன்று. ரெண்டும் சில நிமிடம்தான் என்றால் பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது, அது பெரும்பாலும் மின்சாரப் பிரச்சினை. பெட்டி நாள்கணக்கில் ஓடியும் பிபிபிஓஇ மட்டும் புதிதாக இருந்தால் லைன் அறுந்து மறுபடி சேர்ந்திருக்கிறது.

பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டை ஓஎன்யூ, ரவுட்டர் ரெண்டிலும் போட்டு வைத்திருந்தால் ஒன்றில் நீக்கிவிடுங்கள். ஓஎன்யூ பிரிட்ஜ் மோடில் (லைனை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் மோடில்) இருந்தால் ரவுட்டர் டயல் செய்யட்டும், ரவுட்டர் மோடில் இருந்தால் ஓஎன்யூவே செய்யட்டும். ஒரே கணக்கில் ரெண்டு பேர் நுழையப் பார்த்தால் ஒருவரை ஒருவர் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

கரிசல்:

மின்சாரப் பக்கத்தை நான் சொல்கிறேன். மேலே சொன்னபடி பெட்டியே ரீபூட் ஆவது தெரிந்தால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல். பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளுக்கு 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் உள்ளே உள்ள கப்பாசிட்டர் தளர்ந்துவிடும். மல்டிமீட்டரை வெறும் பின்னில் வைத்தால் 12 சரியாகவே காட்டும். பெட்டி முழு வேலை செய்யும்போதுதான் வோல்ட் இறங்கி அது அணைந்து எழும். அதனால் சோதிக்க எளிய வழி வேறொரு நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதுதான். வோல்ட் அதே 12 ஆக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, குறையக் கூடாது. பின்னின் துளை 2.1, 2.5 மில்லிமீட்டர் என இரு வகை உண்டு. 2.1க்கான பெட்டியில் 2.5 துளையைப் போட்டால் லூசாக உட்கார்ந்து, தொட்டாலே அணையும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் ரீபூட் ஆகிறதா? இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடுகிறது, பெட்டியும் எரிகிறது, ஆனால் ஏரியாவில் கரண்ட் போனதும் லாஸ் லைட் (ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் LOS விளக்கு) சிவப்பாகிறது என்றால் கம்பெனிக்காரரின் ஓஎல்டி (ஃபைபருக்குள் ஒளியை அனுப்பும் பெட்டி) அணைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், போஸ்டில் தொங்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை, மறுமுனையில் உள்ள ஓஎல்டிக்குத் தேவை. அங்கே பேட்டரி தீர்ந்தால் நம் வீட்டில் எதை மாற்றியும் பலன் இல்லை.

தாமிரபரணி:

மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். நெட் நின்றபோது ரவுட்டருக்கும் ஓஎன்யூவுக்கும் பிங் போகிறது, 8.8.8.8 மட்டும் டைம் அவுட். ஓஎன்யூ நாள்கணக்கில் ஓடுகிறது, பிபிபிஓஇ நேரம் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள். பிபிபிஓஇ ஓஎன்யூவில் மட்டும்தான் போட்டிருக்கிறது.

ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிகல் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் (பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு) -26.9 டிபிஎம் என்று இருக்கிறது. மழை நேரத்தில் -28.3. லாஸ் லைட் எப்போதாவது சிமிட்டி அணைகிறது. இது நல்ல அளவா? மஞ்சள் ஒயர் மிச்சத்தை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் சுருட்டி டேக் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

ஒளியிழை:

காரணம் இதுதான். ரவுட்டரைத் தொட வேண்டாம்.

வீடுகளுக்கு வரும் ஜிபான் இணைப்பில் (ஒரு ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் முறை) பரவலாக இருப்பது பி-பிளஸ் என்ற ஒளி அளவு வகுப்பு. அதில் ஓஎன்யூவுக்குக் குறைந்தது -27 டிபிஎம் ஒளி வர வேண்டும், -8க்கு மேல் வரக் கூடாது. மைனஸ் கணக்கு என்பதால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. 3 டிபி இறங்கினால் ஒளி பாதியாகிறது, 10 டிபி இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. நல்ல வீட்டு இணைப்பு -15க்கும் -24க்கும் நடுவில் நிற்கும். உங்களுடையது வெயிலிலேயே விளிம்பில் நிற்கிறது, மழையில் விளிம்பைத் தாண்டுகிறது. பெட்டி ஒளியை முழுசாக இழக்காததால் லாஸ் லைட் நிலையாகச் சிவக்கவில்லை. ஆனால் பிழைகள் பெருகி பிபிபிஓஇ விழுந்துவிடுகிறது.

நீங்களே செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன். டிவிக்குப் பின்னால் உள்ள டேக்கை வெட்டுங்கள், ஒயரை வெட்டிவிடாமல். மஞ்சள் ஒயரை உள்ளங்கை அகல வளையமாக, தளர்வாகச் சுற்றி வையுங்கள். சாதாரண ஜி.652 இழைக்கு 30 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆரம் வேண்டும். வளைவைத் தாங்கும் ஜி.657 ஏ1 இழை 10 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். உங்களிடம் இருப்பது எது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் 30ஐ வைத்தே சுற்றுங்கள். ஸ்டாண்டின் காலோ சுவரோ ஒயரை நசுக்கக் கூடாது. வளைவில் ஒளி கசிவது அலைநீளம் கூடக் கூட அதிகம். நம் வீட்டுக்கு வரும் டவுன்லோடு 1490 நானோமீட்டர், போகும் அப்லோடு 1310. அதனால் வளைவு முதலில் கெடுப்பது வரும் ஒளியைத்தான். அதே இழையில் 1550இல் கேபிள் டிவியும் வருகிற வீடுகளில் டிவிப் படம் இன்னும் முன்னாடியே புள்ளிபோடும்.

டேக்கை வெட்டியதும் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். அங்கேயே 2, 3 டிபி மேலே வந்தால் பாதி வேலை முடிந்தது.

கனெக்டரைக் கழற்றினால் அதன் முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் ஒரு முறை துடைத்து, காய்ந்ததும் கிளிக் சத்தம் வரும்வரை செருகுங்கள். சட்டைத் துணி, வாய்க் காற்று இரண்டும் வேண்டாம். நிறத்தையும் பாருங்கள். பச்சை ஏபிசி, நீலம் யூபிசி. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேர். ஒன்றை ஒன்றில் செருகினால் உட்காரும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து பல டிபி போகும், முனையும் கீறும். அவசரத்துக்கு வண்டியில் இருந்த பேட்ச் கார்டைப் போட்டுவிட்டுப் போவது நடக்கிற விஷயம்தான்.

இனி வெளியே. லைன்மேன் வரும்போது பவர் மீட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். ரெண்டு இடத்தில் அளக்க வேண்டும்: உங்கள் வீட்டு லைன் கிளம்பும் போஸ்ட் பெட்டியில் ஒரு தடவை, வீட்டுக்குள் கனெக்டர் முனையில் ஒரு தடவை. 100 மீட்டர் ஃபைபரில் இழக்கும் ஒளியைக் கணக்கிட்டால் 0.05 டிபி கூட வராது. ரெண்டு முனைக் கனெக்டருக்கும் சேர்த்து 1 டிபி கொடுங்கள். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடு ஒயரில் காயம். அணில் கடித்த இடம், மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆணி அடித்து இறுக்கிய இடம், ஜன்னல் சட்டத்தில் மடிந்த இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். கையிலேயே போடும் ஃபாஸ்ட் கனெக்டர் வெளியில் இருந்தால் அதுதான் மழைக் கோளாறின் முதல் சந்தேகம். உள்ளே இழை முனைகள் ஜெல்லில்தான் சந்திக்கின்றன. ஜெல் காய்ந்தோ ஈரம் புகுந்தோ போனால் மழைக்கு ஒரு எண், வெயிலுக்கு ஒரு எண் காட்டும். அங்கே ஸ்ப்ளைசிங் மெஷினில் உருக்கி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டு சரியாக விழுந்தால் 0.1 டிபிக்குள் முடியும்.

போஸ்ட் பெட்டியிலேயே -25, -26 என்று காட்டினால் உங்கள் ஒயர் மேல் குற்றமில்லை. 8 பேருக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சுமார் 10.5 டிபி தின்னும், 32 பேருக்கானது சுமார் 17. புது வீடுகளுக்காக நடுவில் இன்னொரு 2 வழி ஸ்ப்ளிட்டரைச் சொருகினால் மேலும் 3.5 போகும். அதைக் கம்பெனிதான் மாற்ற வேண்டும்.

புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், ரீஸ்டார்ட் பதில்தான் வரும். "ஆர்எக்ஸ் பவர் -26.9, மழையில் -28.3, பிபிபிஓஇ அறுகிறது, லைன் லாஸ் அளக்க ஆள் வேண்டும்" என்று சொல்லி, ஸ்டேட்டஸ் பக்கப் படத்தையும் அனுப்புங்கள். டாக்கெட் எண்ணை (புகார் எண்ணை) வாங்கி வையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2012 விதிகளின்படி, தீர்வு திருப்தியாக இல்லையென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும்.

நெட்வொர்க்_நிர்வாகி:

இதே தலைப்பைத் தேடி வருகிறவர்களுக்காக ஒரு சேர்க்கை. முதல் பிங்கே விழுகிறது, அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் போல எதையாவது கேட்டால் ரவுட்டர் உடனே அங்கிருந்து விலகியாக வேண்டும், அந்த வரிசையிலேயே வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒலிபரப்பும். 36 அல்லது 149இல் நிலையாக வைத்தால் இந்தத் தொல்லை இராது. 2.4இல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

தாமிரபரணி:

டேக்கை வெட்டி வளையத்தைத் தளர்த்தியதும் -24.6 வந்துவிட்டது. கனெக்டர் ரெண்டு பக்கமும் பச்சைதான். மாடியில் போய்ப் பார்த்ததில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு வெள்ளை ஃபாஸ்ட் கனெக்டர் ஜாயின்ட், மேலே இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றியிருக்கிறது. டாக்கெட் போட்டுவிட்டேன்.

ஒளியிழை:

அந்த ஜாயின்டை நீங்கள் பிரிக்காதீர்கள், படம் மட்டும் எடுத்து புகாரில் சேருங்கள். அங்கே ஸ்ப்ளைஸ் போட்டு, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, ஒயர் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். பெட்டிக்கு முன்னால் ஒயர் ஒரு தொங்கல் விட்டு மேலேற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் ஒயர் வழியே உள்ளே போகாமல் கீழே சொட்டும். வேலை முடிந்து ஆள் கிளம்பும் முன் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். -23க்கு மேலே வரவில்லை என்றால் போஸ்ட் பெட்டியிலும் அளக்கச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.