தாத்தா பைண்டு பண்ணி வச்ச கல்கி தொடர், பூச்சி அரிக்குது, என்ன பண்ணலாம்?

தோபாயோவாசி:
இங்க சிங்கப்பூர்ல தாத்தா வீட்ட காலி பண்றப்ப பொம் ஷெல்டர்ல (வீட்டுக்குள்ளயே இருக்கற பாதுகாப்பு அறை) ஒரு மைலோ பெட்டி கெடச்சுச்சு, உள்ள பொன்னியின் செல்வன் தொடர், வாரா வாரம் கல்கிலேர்ந்து கிழிச்சு காடாத் துணி முதுகு போட்டு தச்ச அஞ்சு வால்யூம். தொறந்தா குட்டி குட்டியா வெள்ளிக் கலர்ல பூச்சி ஓடுது, ஒரே பூஞ்ச வாடை. வைஃப் காராங்குனிகிட்ட (பழைய சாமான் வாங்கறவர்) போடச் சொல்றாங்க. இது 1950ல வந்த ஒரிஜினலா? புதுசா பைண்டிங் பண்ணலாமா?

பழையபேப்பர்:
ஐயோ போட்றாதீங்க! பைண்டிங்கும் பிரிக்காதீங்க, கடைக்காரர் ஓரத்த மெஷின்ல வெட்டினா எழுத்தும் சேர்ந்து போயிடும். ஒரிஜினலான்னு பாக்கணும்னா, கல்கி அந்தத் தொடர பின்னாடி பல தடவ திரும்பப் போட்டுச்சு, முதல் தடவ 1950லேர்ந்து 54 வரைக்கும், படம் மணியம். அதனால படத்துக்குக் கீழ கையெழுத்த பாருங்க. அட்டை இருக்காது, தேதியும் இருக்காது, ஆனா பக்கத்துக்குப் பின்னாடி விளம்பரம் இருக்கும்ல, அதுல விலை அணாவுல இருந்தா பழசு, நயா பைசான்னு இருந்தா 1957க்கு அப்புறம். தும்பிக்கை வச்ச பழைய ‘லை’ய நம்பாதீங்க, அது தமிழ்நாட்டுல 1978 வரைக்கும் இருந்துச்சு. காசு பெருசா வராது, கலெக்டர்ஸ் முழு இதழத்தான் தேடுவாங்க. எனக்குக் கதையவிட அந்தத் துணுக்கும் தைல விளம்பரமும்தான் புடிக்கும், புத்தகமா வாங்குனா அது வராதே.

யீஷூன்அக்கா:
தம்பி அது ராமபாணப் பூச்சி. ஒவ்வொரு வால்யூமா சிப்லாக் பையில போட்டு காத்த நல்லா அமுக்கி எடுத்துட்டு ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, எடுத்ததும் பைய உடனே தொறக்காதீங்க, ஒரு நாள் அப்படியே கெடக்கட்டும், இல்லன்னா தண்ணி கோத்துக்கும். நான் ஒருதடவ அவசரப்பட்டு தொறந்து பக்கம் எல்லாம் அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு. அப்புறம் கேமராவுக்கு வைக்கிற டிரை கேபினெட்ல வைங்க, ஈரப்பதம் 50 சதவீதம்கிட்ட. நம்ம ஊரு காத்துக்கு அந்துருண்டை எல்லாம் பத்தாது. செலோடேப் மட்டும் ஒட்டிடாதீங்க.

பழையபேப்பர்:
இன்னொன்னு, பெட்டி அடியில உள்ளூர் சிறப்பு மலர், தமிழர் திருநாள் நிகழ்ச்சித் தாள்னு ஏதாச்சும் கெடக்குதான்னு பாருங்க. 1952ல தமிழ் முரசு ஆசிரியர் சாரங்கபாணி இங்க ஆரம்பிச்ச விழா அது. கல்கிய சென்னையில தேடிக்கலாம், ரோஜா முத்தையா நூலகம் மாதிரி எடம் இருக்கு, இங்க அச்சானது போச்சுன்னா போச்சுதான். அப்படி எதாச்சும் இருந்தா விக்டோரியா ஸ்ட்ரீட் நேஷனல் லைப்ரரில ஒரு வார்த்தை கேளுங்க.

தோபாயோவாசி:
நன்றி நன்றி. மூணு வால்யூம் இப்ப ஃப்ரீசர்ல ஃபிஷ்பால் பக்கத்துல இருக்கு, வைஃப் பேசறதில்ல. உள்ளூர் மலர் எதுவும் இல்ல. அணா இருக்கு, மணியம் கையெழுத்தும் இருக்கு! ஆனா நாலாவது வால்யூம்ல குந்தவை வர்ற படத்த மட்டும் யாரோ கத்திரிக்கோல்ல அழகா வெட்டி எடுத்துருக்காங்க. பெரிய அத்தைக்கு போன் போட்டு கேட்டேன், சிரிச்சுட்டு வேற பேச்சு பேசறாங்க.