மொரோன் ஊர் வாசிப்பு: டியேகோ டெல் காஸ்டோரை ஏன் இத்தனை தூக்கிப் பிடிக்கிறோம்?

தந்திமீட்டி:

ஃபிளமெங்கோ (பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்த தெற்கு ஸ்பெயின் கலை) கிதார் பற்றி இங்கே எந்தப் பேச்சு எடுத்தாலும் நடுவில் யாராவது டியேகோ டெல் காஸ்டோர் பெயரை இழுத்துவிடுகிறார்கள். கிதார் கலைஞர் பாகோ டி லூசியா பற்றிய இழையிலும் அதுவே நடந்து பேச்சு திசைமாறிப் போனது. அதனால் தனி இழை போட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டியேகோ 1908இல் தெற்கு ஸ்பெயினில் அரியாத்தே என்ற ஊரில் பிறந்த ஹிதானோ, அதாவது ஸ்பெயின் ரோமா இனத்துக் கிதார்காரர். எல் காஸ்டோர் கிராமத்தில் வளர்ந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் செவில் மாகாணத்து மொரோன் டெ லா ஃப்ரொன்டேராவுக்கு வந்து, 1973இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர் இல்லை. ஸ்டுடியோ பக்கமும் பெரும்பாலும் போகவில்லை.

என் கருத்து இது. நல்ல கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் ராமோன் மொந்தோயாவும் சபீகாசும் கிதாரைப் பாட்டின் நிழலிலிருந்து வெளியே கொண்டுவந்து தனிக் கச்சேரிக் கருவியாக நிறுத்தினார்கள். பாகோ அதன் இசைமொழியையே மாற்றினார். டியேகோ இறந்த அதே 1973இல்தான் பாகோவின் 'என்த்ரே தோஸ் அகுவாஸ்' இருக்கும் ஆல்பம் வந்தது. இவர்கள் வரிசையில் டியேகோவை எப்படி வைக்கிறீர்கள்? மொரோன் பக்கத்தில் அமெரிக்க விமானத் தளம் இருந்தது. டான் போரன் என்ற அமெரிக்கர் 1960களில் அங்கே பண்ணை வீடு எடுத்து, வெளிநாட்டினரைத் தங்கவைத்து ஃபிளமெங்கோ இரவுகள் நடத்தினார், புத்தகங்களும் எழுதினார். அவர்கள் மூலமாகத்தான் இந்தப் புகழ் வெளியே பரவியது. சின்ன ஊரில் ஒதுங்கி வாழ்ந்த ஞானி என்ற கதை அவர்களுக்குப் பிடித்திருந்தது. நாமும் அதையே திரும்பச் சொல்கிறோம்.

ராசிக்:

டியேகோவை முதலில் தேடி வந்தவர்கள் அமெரிக்கர்களா? உட்ரேரா ஊர் சகோதரிகள் ஃபெர்னாந்தாவும் பெர்னார்தாவும் பாட உட்கார்ந்தால் பக்கத்தில் டியேகோ இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். 1891இல் பிறந்த ஹுவான் தலேகா, பழைய சொலேயா (மெதுவான, கனமான ஃபிளமெங்கோ வகை) பாட்டுகளைத் தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்த மனிதர், அவரும் டியேகோவோடு பாடினார். மொரோனிலேயே ஹோசெலேரோ இருந்தார், டியேகோவின் மைத்துனர். இவர்கள் யாருக்கும் போரன் புத்தகம் தேவைப்படவில்லை.

தனிக் கச்சேரி அளவுகோலை வைத்து அளந்தால் டியேகோ சின்னவராகத்தான் தெரிவார். அந்தப் பந்தயத்துக்கே அவர் போகவில்லை. ஃபிளமெங்கோவில் பாட்டுதான் தலை, கிதார் அதற்குத் துணை என்ற உலகத்தில் வாழ்ந்தவர் அவர். ஸ்பெயின் தொலைக்காட்சி 1971 முதல் 1973 வரை எடுத்த 'ரீத்தோ இ ஹியோகிராஃபியா டெல் கான்தே' தொடரைப் பாருங்கள். டியேகோவுக்கென்றே ஒரு பகுதி அதில் உண்டு. ஃபெர்னாந்தாவின் சொலேயாவில் குரல் கரகரத்து, உடைந்து, ஒரு சொல்லில் வந்து நின்றுவிடும். அந்த இடத்தில் வேறு எத்தனையோ பேர் பயந்துபோய் விரல்களை ஓடவிடுவார்கள். டியேகோ காத்திருப்பார். பாட்டுக்காரி மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பி வரும்போது கீழ்த்தந்தியில் கட்டைவிரல் ஒரே ஒரு அடி. அவ்வளவுதான். அந்த ஒரு அடி எங்கே விழ வேண்டும் என்பதைப் பத்து வருடம் பயிற்சி செய்தாலும் கற்றுக்கொள்ள முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தந்திமீட்டி:

ராசிக் அண்ணன், அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் இதே குணம் மெல்சோர் டெ மார்ச்செனாவிடமும் இருந்ததே! மார்ச்செனா மொரோனுக்குப் பக்கத்து ஊர்தான். ஏறத்தாழ ஒரே வயது. அவரும் குறைவாக வாசித்து ஆழமாகத் தொட்டவர். நின்யா டெ லோஸ் பெய்னஸ், மனோலோ கராகோல், அன்டோனியோ மைரேனா என்று அந்தக் காலத்தின் பெரிய குரல்களுக்கெல்லாம் வாசித்து, ஏராளமாகப் பதிவு செய்துவிட்டுப் போனார். ஃபெர்னாந்தாவே வேறு பல கிதார்காரர்களோடு பாடியிருக்கிறார். பிறகு டியேகோவுக்கு மட்டும் ஏன் இத்தனை பக்தி? மெல்சோர் வீட்டு வாசலில் டேப் ரெக்கார்டரோடு வெளிநாட்டு மாணவர் கூட்டம் காத்திருக்கவில்லை. காரணம் அதுதான்.

கயல்:

மெல்சோர் வாதம் வலுவானது, தட்டிக்கழிக்க முடியாது. ஆனாலும் இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு வித்தியாசம் காதில் விழுகிறது. மெல்சோரின் பலம் சொலேயாவும், துயரம் நிறைந்த சீகிரியா வகையும். கனமான, இருண்ட வாசிப்பு. டியேகோவின் பலம் புலேரியாஸ். விருந்தில் கைதட்டி ஆடும் வேகமான பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்று அது. 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம்.

டியேகோ அதை எடுத்துக்கொண்டுபோகும் விதத்தைக் கவனியுங்கள். பாட்டு வரிகளுக்கு நடுவே கிதார் தனியாக வாசிக்கும் சின்ன மெட்டுக்கு ஃபால்சேத்தா என்று பெயர். அவருடைய ஃபால்சேத்தா பெரும்பாலும் கட்டைவிரலிலேயே நடக்கும். வலது கை ஒரு முறை மீட்டும். மீதிச் சுரங்களை இடது கை விரல்கள் தட்டியும் இழுத்தும் வரவழைக்கும். அதனால் ஓசை இழைந்து வரும், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் குத்தாது. பத்தாவது எண்ணிக்கையில் மெட்டு பட்டென்று முடிந்து, அடுத்த இரண்டு எண்ணிக்கையும் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில்தான் ஆடுபவரின் தோள் அசையும். நோட்டேஷனைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். மெட்ரோனோம் போட்டு வாசிக்க ஆரம்பித்தால்தான் தெரியும், அந்த இரண்டு எண்ணிக்கையைச் சும்மா விட நம் கை சம்மதிக்காது.

ஆனால் டியேகோ பக்தர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 'தூய மொரோன் வாசிப்பு' என்று ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப் பார்க்கிறார்கள். அவர் வாசிப்பின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாகோ டெ லுசேனா வரைக்கும் போகிறது. அண்ணன் பெப்பேயிடமிருந்தும் நிறைய வந்தது. பேத்தோவனின் 'ஃப்யூர் எலீஸ்' மெட்டைக்கூட புலேரியாஸ் தாளத்துக்குள் இழுத்து வாசித்தவர் அவர். அப்படிப்பட்டவரின் டேப்புகளைக் கேட்டு, ஒரு சுரம் மாறாமல் ஒப்பிக்கிறவர்களிடம் டியேகோவின் மனம் இருக்கிறதா?

சேதுபதி:

கயல் சொன்ன டேப்புகள் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அந்த வெளிநாட்டு மாணவர்களை எல்லோரும் குறை சொல்கிறோம். அவர்கள் ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்திராவிட்டால் இன்று நாம் எதை வைத்துப் பேசுவோம்? 1960களில் ஃபிராங்கோ ஆட்சி ஃபிளமெங்கோவைச் சுற்றுலாப் பயணிகளுக்கான மேடைக் காட்சியாக விற்றுக்கொண்டிருந்தது. ஒரு சின்ன ஊரின் விருந்து இரவுகளைப் பதிந்துவைக்க அன்று யாருக்கு அக்கறை இருந்தது?

அதே நேரம் வறுமையை அழகுபடுத்துவதும் எனக்குப் பிடிக்காது. டியேகோவைப் போன்ற கலைஞர்கள் பணக்காரர்களின் இரவு விருந்துகளில் விடிய விடிய வாசித்துப் பிழைத்தவர்கள். அந்தப் பிழைப்பைச் சுதந்திரம் என்று நாம் புகழக்கூடாது.

தந்திமீட்டி:

சேது சார், முழுக்க ஒத்துக்கொள்கிறேன். என் வாதமும் அதுதானே. வறுமையும் ஒதுக்கமும் சேர்ந்த ஒரு வாழ்க்கையைப் புனிதமாக்கிவிட்டு, பிறகு அதையே கிதாரின் உச்சம் என்கிறோம். ஹெரெஸ் நகரத்தைப் பாருங்கள். அங்கேயும் ஊர்ப் பாணிதான். மனுவேல் மொராவோ, அவர் அண்ணன் தம்பி வழியில் வந்த மொராயீத்தோ, மொராயீத்தோவின் மகன் டியேகோ டெல் மொராவோ. தலைமுறைக்குத் தலைமுறை அந்தத் துள்ளலும் போகவில்லை, புது ஓசைகளும் உள்ளே வந்தன, உலக மேடைகளிலும் வாசித்தார்கள். உயிரோடு இருக்கும் மரபு என்றால் அது. மொரோனில் என்ன மிச்சம்?

ராசிக்:

மிச்சமா? எண்ணிக்கொள்ளுங்கள். டியேகோவுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆனால் மருமகன்கள் நான்கு பேர் கிதார் எடுத்தார்கள். பாகோ டெல் காஸ்டோர் மத்ரித் போய்த் தொழில்முறைக் கலைஞராகி, உட்ரேரா சகோதரிகளுக்கே வாசித்தார். அவருக்கு மாமாவைவிட வலுவான வலது கை, வேகமும் அதிகம். கண்ணை மூடிக் கேட்டாலும் மொரோன் என்று தெரியும், ஆனால் நகல் இல்லை. ஹுவான் டெல் காஸ்டோர் இன்னொரு விதம். ஹோசெலேரோவின் மகன் டியேகீத்தோ டெ மொரோன், கட்டுக்கடங்காத வேறொரு கை. அகுஸ்தின் ரீயோஸ் கலிஃபோர்னியா போய் அங்கே சொல்லிக்கொடுத்தார். ஒரே வீடு, ஒரே ஆசான், நான்கு பேரும் நான்கு விதம். மரபு உயிரோடு இருப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு 'சோன் டெ லா ஃப்ரொன்டேரா' குழு. டியேகோவின் ஃபால்சேத்தாக்களை எடுத்து, கியூபாவின் த்ரெஸ் என்ற இரட்டைத் தந்திக் கருவியை ரவுல் ரோத்ரிகேஸ் கையில் கொடுத்து, பக்கத்தில் டியேகோ குடும்பத்துப் பாகோ டெ அம்பாரோவின் கிதார், பெப்பே தொரெஸ் ஆட்டம். இந்தப் பெப்பே யார் தெரியுமா? ஹோசெலேரோவின் பேரன். 2004இல் முதல் ஆல்பம், 2006இல் 'கால்', ஸ்பானிய மொழியில் சுண்ணாம்பு, மொரோன் பெயர்பெற்ற சுண்ணாம்பின் பெயரிலேயே. கயல் தேடுகிற பதில் அதில் இருக்கிறது. பழைய மெட்டு, புதுக் கருவி, அந்த இரண்டு காலி எண்ணிக்கை மட்டும் பத்திரமாக அப்படியே.

கயல்:

சோன் டெ லா ஃப்ரொன்டேராவை எனக்கும் பிடிக்கும். ஆனால் ராசிக் அண்ணன், அங்கே மொய் டெ மொரோன் பாடுவதையும் பெப்பே ஆடுவதையும் எடுத்துவிட்டு, த்ரெஸும் கிதாரும் மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதி போய்விடும். ஆக, டியேகோவின் சொத்து கிதாரில் மட்டும் இல்லை. பாடுகிறவர், ஆடுகிறவர், கைதட்டுகிறவர் எல்லோரும் சேர்ந்த ஒரு அறையில் இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஃபால்சேத்தா பழகும் நம்மைப் போன்றவர்களுக்கு அது கைக்கு வராது. நான் இப்போது ஃபால்சேத்தாவை ஓரங்கட்டிவிட்டு, பெர்னார்தாவின் புலேரியாஸ் பாட்டுகளைப் போட்டுக் கைதட்டிப் பழகுகிறேன்.

தந்திமீட்டி:

மருமகன்கள் விஷயம் நல்ல பதில், பாகோ டெல் காஸ்டோர் எனக்கும் பிடித்தவர். ஆனாலும் 'ஆசான்களின் ஆசான்' என்று டியேகோவைச் சொன்னால் எதிர்க்கத்தான் செய்வேன். மொந்தோயா இல்லாமல் இன்றைய ஃபிளமெங்கோ கிதார் இல்லை. டியேகோ இல்லாமல் இருந்திருக்கும்.

ராசிக்:

கிதார் இருந்திருக்கும், தம்பி. ஃபெர்னாந்தா பாடிய அந்தச் சொலேயாக்கள் அப்படி இருந்திருக்காது. அந்தத் தொலைக்காட்சிப் பகுதியைத் தேடிப் பாருங்கள். முதல் தடவை கிதாரைக் கவனிக்காமல் ஃபெர்னாந்தாவின் முகத்தை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.