காட்டாமல் விட்டவை: அண்மையில் பார்த்த சில படங்கள்

திகில், துப்பறிதல், குடும்பம், நகைச்சுவை, போர், அதிரடி என ஒன்றோடொன்று தொடர்பில்லாத வகைகளைச் சேர்ந்த படங்களை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். சில, நெடுங்காலமாகப் பெயரை மட்டும் கேட்டு வைத்திருந்தவை. சில, முன்பே பார்த்துவிட்டு இப்போது மறுபடியும் பார்த்தவை. வகை மாறினால் ரசனையின் அளவுகோலும் மாறும் என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் இவற்றைத் தொடர்ச்சியாகப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு தன்மை எனக்குப் புலப்பட்டது. எந்த ஒன்றை நம்பி ரசிகர் ஒரு வகைப் படத்தைத் தேடி வருகிறாரோ, அதையே சற்றுத் தராமல் வைத்துக்கொள்ளத் துணிந்த இயக்குநரின் படம்தான் மனத்தில் நெடுநாள் தங்குகிறது. இதை விளக்கச் சில கதைத் திருப்பங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படங்களை இன்னும் பார்க்காதவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

முதலில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’. சுறா மனிதர்களைத் தாக்கும் படம் என்றால் சுறாவைக் காணத்தான் போவோம். இங்கோ அது கண்ணுக்கு நன்றாகப் புலப்படவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. படப்பிடிப்புக்காகச் செய்த இயந்திரச் சுறா கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதானதால், அது இல்லாமலேயே காட்சிகளை அமைக்க வேண்டிய நெருக்கடி இயக்குநருக்கு ஏற்பட்டது என்பது சினிமா ஆர்வலர்கள் பலரும் அறிந்த செய்தி. அந்த நெருக்கடி தந்த வழிகளைக் கவனித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. இறைச்சித் துண்டை இரையாகக் கட்டி வைக்கும் இருவரின் காட்சியில், சுறா இழுத்த வேகத்தில் மரத்துறையின் ஒரு பகுதி பிய்ந்துகொண்டு கடலுக்குள் போகிறது. பிறகு அந்த மரத்துண்டு நீரிலேயே மெல்லத் திரும்பி, தண்ணீரில் தத்தளிக்கும் மனிதரை நோக்கி வரத் தொடங்குகிறது. பல்லும் இல்லை, வாலும் இல்லை. மிதந்து வரும் வெறும் பலகைகள்தான். அந்த வகைப் படங்களில் அதைவிட அச்சமூட்டிய காட்சி எனக்கு வேறு நினைவில் இல்லை.

ஜான் வில்லியம்ஸின் இசையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைக் கடக்க முடியாது. இரண்டே சுரங்கள் மாறி மாறி வரும் அந்த இசை, சுறா அருகில் இருக்கிறது என்பதற்கான அடையாளமாக நம் காதில் பதிந்துவிடுகிறது. இரண்டு சிறுவர்கள் போலிச் சுறாத் துடுப்பை வைத்துக் கடற்கரையில் இருப்பவர்களை அலறவைக்கும்போது அந்த இசை ஒலிப்பதில்லை. படம் நம்மிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது. இசை வந்தால் சுறா வரும், இசை இல்லையென்றால் ஆபத்து இல்லை என்ற நம்பிக்கையில் நாம் அமர்ந்திருக்கிறோம். பிற்பகுதியில், காவல் அதிகாரி படகின் விளிம்பில் நின்று இரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த இசையும் இல்லாமல் சுறாவின் தலை அவர் எதிரே எழுகிறது. ஒரு விதியை இவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுத்து, ஒரே கணத்தில் அதை மீறுவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

தமிழில் இத்தகைய துணிச்சலுக்கு எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைத்தான் முதலில் சொல்வேன். பாடல்களின் எண்ணிக்கையையே ஒரு தகுதியாகக் கருதிய காலத்தில், 1954இல், பாடலோ நடனமோ சண்டைக் காட்சியோ இல்லாமல் ஏவி.எம். நிறுவனம் அந்தப் படத்தை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரணையில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த மனிதராக அவரைச் சித்திரிக்க, சிவாஜி கணேசன் அத்தனை சித்திரங்களுக்கும் உயிர் கொடுக்கிறார். பாடல் இல்லாததால் கதை எங்கும் நிற்பதில்லை என்று பலர் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய நன்மையாகத் தோன்றுவது வேறு. ஒரு பாத்திரத்தின் உள்ளத்தைப் பாடல் திறந்து காட்டிவிட்டால், அதன்பின் அவர் மீது ஐயம் கொள்வது கடினம். இங்கே யாரும் பாடி மனத்தைத் திறப்பதில்லை. ஆகவே கடைசி வரை எல்லோரையும் ஐயத்தோடு பார்க்கிறோம். பண்டரிபாயின் அடக்கமான நடிப்பு இந்த அமைப்பினால்தான் இன்னும் கூர்மை பெறுகிறது.

அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செப்பரேஷன்’ (2011) வேறு தளத்தைச் சேர்ந்தது. பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதையும், பின்னர் ஆஸ்கர் விருதையும் பெற்ற இந்த ஈரானியப் படத்தைக் குடும்பப் படம் என்றும் சொல்லலாம், நீதிமன்றப் படம் என்றும் சொல்லலாம். மணமுறிவு கேட்டு வந்திருக்கும் கணவனும் மனைவியும் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுவதாக முதல் காட்சி அமைந்திருக்கிறது. நீதிபதியின் இருக்கையில் நாம் அமர்த்தப்படுகிறோம். அதன்பின் கணவன் நாதேரின் வீட்டில், மறதி நோயுற்ற அவருடைய தந்தையைக் கவனித்துக்கொள்ள வரும் கருவுற்ற பெண்ணுக்கும் நாதேருக்கும் இடையே தகராறு மூண்டு, அது வழக்காகிறது. அந்தப் பெண் கருவுற்றிருப்பது நாதேருக்கு முன்பே தெரியுமா என்பதுதான் வழக்கின் மையம். அவர் அருகில் இருக்கும்போதுதான் அந்தப் பெண்ணும் மகளின் ஆசிரியையும் இதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காட்சியை நாமும் பார்த்தோம். ஆயினும் அது அவர் காதில் விழுந்ததா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாமல் தடுமாறுகிறோம். நேரில் பார்த்த சாட்சிகளே இப்படித் தடுமாறும்போது தீர்ப்பு எவ்வளவு அரிய செயல் என்பதை இந்தப் படம் ஒரு வசனம்கூட இல்லாமல் உணர்த்திவிடுகிறது. வழக்கின் போக்கையே மாற்றக்கூடிய ஒரு நிகழ்ச்சி சாலையில் நடக்கிறது. அந்தக் காட்சி முழுமை பெறுவதற்குள் படம் வெட்டப்பட்டுவிடுகிறது. இறுதியில் மகள் தெர்மே, தாயா தந்தையா என்று முடிவு சொல்ல வேண்டிய இடத்தில், பெற்றோரைத் தாழ்வாரத்தில் காத்திருக்கவைத்துவிட்டுப் படம் நிறைவடைகிறது. விடை சொல்லாததைக் குறையாகக் கருதுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்தச் சிறுமி எதைச் சொன்னாலும் இழப்பு அவளுடையதுதான் என்பது அதற்குள் நமக்குத் தெரிந்துவிட்டதால், விடை தேவைப்படவில்லை என்பதே என் கருத்து.

யசுஜிரோ ஒஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) படத்தில் முதிய பெற்றோர், நகரத்தில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோ மட்டும் அன்போடு கவனிக்கிறார். தாள முடியாத அழுகைக்கு இடம் தரும் கதை இது. ஒஸுவின் கேமராவோ தரையை ஒட்டிய உயரத்தில், பெரும்பாலும் அசையாமல் இருக்கிறது. தாயின் உயிர் பிரியும் தருணத்தை அவர் காட்டுவதில்லை. இரவில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவரைக் காண்கிறோம். பிறகு விடியும் ஊரின் சில காட்சிகள். அடுத்து, முகம் மூடப்பட்ட உடலைச் சுற்றிக் குடும்பம் அமர்ந்திருக்கிறது. பிள்ளைகளைக் கொடியவர்களாகவும் அவர் சித்திரிப்பதில்லை. அதனால்தான் அவர்கள் மீது சினம் கொள்ளவும் முடியாமல், நம்மை அவர்களிடமிருந்து விலக்கிக்கொள்ளவும் முடியாமல் போகிறது.

மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ (1926) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எரியும் பாலத்திலிருந்து உண்மையான ரயில் இயந்திரம் ஆற்றில் விழும் காட்சியைப் பார்த்து அரங்கமே வியக்கும். கீட்டன் முகத்திலோ சிரிப்பின் சாயல்கூட இல்லை. சிரிக்கும் வேலையை நம்மிடம் முழுமையாக விட்டுவிட்ட கலைஞர் அவர்.

இந்தத் தொடரில் எனக்கு நிறைவு தராத படம் சாம் மெண்டிஸின் போர்ப் படமான ‘1917’ (2019). முழுப் படமும் வெட்டே இல்லாத ஒரே காட்சிபோல் தோன்றும்படி ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் அமைத்திருப்பது அசாத்தியமான உழைப்பு. அவருக்குக் கிடைத்த ஆஸ்கர் விருது தகுதியானதே. ஆனால் அகழிகளின் வழியாக அந்த வீரர்கள் ஓடும்போது, அவர்களைப் பற்றிய கவலையைவிடக் கேமரா எப்படிப் போயிற்று என்ற கேள்விதான் என்னுள் முன்னே வந்தது. இதோடு சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ (1957) படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ முழுப் படமும் ஒரே அறையில் நடக்கிறது. தொடக்கத்தில் கண் மட்டத்துக்கு மேலே இருக்கும் கேமரா, போகப் போகக் கீழிறங்குகிறது; லென்ஸின் குவியத் தூரம் கூடிக்கொண்டே போக, சுவர்கள் நெருங்குவதுபோலவும் கூரை தாழ்வதுபோலவும் ஆகிறது. படம் பார்க்கும்போது இந்த நுட்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை, மூச்சுமுட்டல் மட்டும் தெரிகிறது. தொழில்நுட்பம் தன்னை மறைத்துக்கொள்ளும் படத்தையே நான் உயர்வாகக் கருதுகிறேன். போர்ப் படங்களை விரும்பும் நண்பர்கள் இதில் மாறுபடக்கூடும்.

ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015) எதையும் அடக்கி வாசிக்காத படம் என்றே முதலில் தோன்றியது. துரத்தலும் வெடிப்பும் ஓய்வதே இல்லை. ஆயினும் கண் களைப்பதில்லை. ஏனெனில் முக்கியமான பொருள் எப்போதும் சட்டகத்தின் நடுவில் இருக்கும்படி காட்சிகள் எடுக்கப்பட்டு, மார்கரெட் சிக்ஸெலின் படத்தொகுப்பில் ஒன்றோடொன்று இணைகின்றன. இந்தப் படம் தராமல் வைத்துக்கொள்வது முன்கதையை. நாயகி ஃப்யூரியோசா தன் கையை எப்படி இழந்தாள் என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. அந்த மௌனமே அவளுடைய கடந்த காலத்தைப் பெரிதாக்குகிறது. 2024இல் வெளிவந்த ‘ஃப்யூரியோசா’ அதற்கு விடை தருகிறது. கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தின் நடிப்புக்காக அந்தப் படத்தை விரும்பியே பார்த்தேன் என்றாலும், கை போன கதையை அறிந்தபின் முதல் படத்தின் ஃப்யூரியோசா எனக்குச் சற்றுச் சிறியவளாகிவிட்டாள். இரண்டையும் இன்னும் பார்க்காதவர்கள், கதை நிகழும் கால வரிசையைப் பொருட்படுத்தாமல், படங்கள் வெளிவந்த வரிசையிலேயே பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.