குவாங்சோ கண்காட்சிக்கு ராத்தாவோடு போகிறேன்: மெட்ரோ, டிராம், வேக ரயில் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தறிக்காரன், மருதமுனை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும்.

எங்கள் குடும்பம் கைத்தறித் தொழில். சாரமும் சாறியும் நெய்து கல்முனை, மட்டக்களப்புக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். இந்த முறை நானும் ராத்தாவும் (என் அக்கா) சீனாவின் குவாங்சோ நகரத்தில் நடக்கும் கன்டன் வர்த்தகக் கண்காட்சிக்குப் போகிறோம். துணி, உடுப்பு, வீட்டுத் துணிவகை எல்லாம் மூன்றாம் கட்டத்தில்தான் வரும், ஒக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை. நூலும் டிசைனும் தெரிவு செய்வது ராத்தாதான், நான் கணக்குப் பார்க்கிறவன், ஆகவே அவ இல்லாமல் போய்ப் பிரயோசனம் இல்லை.

பயண ஏற்பாட்டைச் செய்து தருகிற ஒருவர் சியாவ்பெய் பக்கம் ஹோட்டலும், ஒவ்வொரு நாளும் டிரைவரோடு வாகனமும் பேசித் தருகிறேன் என்கிறார். அவர் சொன்ன தொகையைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு தறியே வாங்கலாம். மெட்ரோவில் போக முடியாதா என்று கேட்டேன், "நீங்கள் தொலைந்து போவீர்கள், வெளிநாட்டுக்காரருக்கு ரயில் டிக்கட்டும் கொடுக்க மாட்டார்கள்" என்கிறார். உண்மையா?

ராத்தாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது கஷ்டம், நெரிசலில் ஆண்களோடு இடிபட்டு நிற்பதும் அவவுக்குச் சரிவராது. கண்காட்சி முடிந்த பிறகு ஹூமென் என்ற ஊருக்கும் ஒரு நாள் போக நினைக்கிறோம், உடுப்பு மொத்த வியாபாரம் அங்கே பெரிது என்கிறார்கள். குவாங்சோவில் டிராம் ஓடுகிறது என்றும் கேள்வி. போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

கடற்கரை வீதி, காத்தான்குடி

வ அலைக்கும் ஸலாம் தம்பி. வாகனம் வேண்டாம், காசை வீணாக்காதீர்கள். கண்காட்சி நடக்கும் நாட்களில் கண்காட்சி மண்டபங்கள் இருக்கிற பாஜோ பக்கத்து வீதிகளில் வாகனம் நகராது, டிரைவர் வைத்திருந்தாலும் நீங்கள் உள்ளே உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். நான் வருஷக்கணக்காக மெட்ரோவில்தான் போய் வருகிறேன், எனக்குச் சீனம் ஒரு சொல் தெரியாது. நிலையப் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்திலும் இருக்கும், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு நிறமும் எண்ணும் உண்டு, வண்டிக்குள் அறிவிப்பு சீனம், கன்டனீஸ், ஆங்கிலம் மூன்றிலும் வரும்.

தங்குவதற்கு என்னைக் கேட்டால் சியாவ்பெய்தான். ஹலால் சாப்பாடு காலடியில் கிடைக்கும், அரபுக்காரர், ஆபிரிக்கர், நம்ம ஊர் ஆட்கள் எல்லாரும் அந்த வட்டாரத்தில்தான் புழங்குகிறார்கள். ஜும்ஆவுக்கு யுவெசியு பார்க் நிலையத்தில் இறங்கினால் சியான்சியான் பள்ளிவாசல், நபித்தோழர் சஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக அங்குள்ளவர்கள் நம்புகிற இடம். பழைய ஹுவாய்ஷெங் பள்ளிவாசலுக்கு 1ஆம் லைனில் ஷிமென்கோ. அதையும் ராத்தாவுக்குக் காட்டிவிட்டு வாருங்கள், அந்தப் பழைய மினாராவைப் பார்க்காமல் வரக்கூடாது.

சியாவ்பெய்யிலிருந்து கண்காட்சிக்கு 5ஆம் லைனில் கிழக்கே செபெய்நான் வரை, அங்கே 4ஆம் லைனுக்கு மாறி ஒரே ஒரு நிலையம், வான்ஷெங்வெய், அங்கே 8ஆம் லைனுக்கு மாறினால் அடுத்தது பாஜோ. இரண்டு முறை மாற வேண்டும்தான், ஆனால் சுஜியாங் நியூ டவுனில் 3ஆம் லைனுக்கு மாறி வருகிற குறுக்கு வழியை விட இது எவ்வளவோ மேல். காலையில் 3ஆம் லைனுக்குள் ராத்தாவை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கல்லடி நிலா

தம்பி, நான் குவாங்சோவில் சன் யாட்-சென் பல்கலைக்கழகத்தில் படித்தவள், இப்போது மட்டக்களப்பில் இருக்கிறேன். காத்தான்குடி அண்ணா சொன்ன பாதை சரி, ஆனால் நீங்கள் துணிக்காரர், அதனால் சியாவ்பெய்யில் தங்க வேண்டாம் என்பேன்.

8ஆம் லைனைப் படத்தில் எடுத்துப் பாருங்கள். சாங்காங், சியாவ்காங், ஜோங்டா, லுஜியாங், கெட்சுன், சிகாங், மோதியேஷா, சின்காங்தோங், பாஜோ என்று வரிசையாக வரும். கடைசி இரண்டும் கண்காட்சி வாசல். ஜோங்டாவுக்கும் லுஜியாங்குக்கும் இடையில்தான் அந்தப் பெரிய துணிச் சந்தை இருக்கிறது, என் பல்கலைக்கழகத் தெற்கு வாசலுக்கு எதிர்ப்பக்கம். உருளை உருளையாகத் துணியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆட்கள் பாய்ந்து பாய்ந்து போவார்கள், ராத்தாவுக்குக் கண்காட்சியை விட அதுதான் பிடிக்கும் என்று இப்போதே சொல்கிறேன். பட்டன், லேஸ், நூல், ஜரிகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டடம். ஆக நீங்கள் போக வேண்டிய இரண்டு இடமும் ஒரே லைனில் மாறாமல் கிடைக்கிறது. முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு வண்டியில் நிற்கிற நேரம் பெரிதில்லை, மாறுகிற நிலையத்தில் நிலத்துக்கு அடியில் நடக்கிற நடைதான் வதைக்கும். அதைக் குறைப்பதுதான் முக்கியம்.

சாங்காங் பக்கம் தங்குங்கள். அங்கே 2ஆம் லைனும் 8ஆம் லைனும் சந்திக்கின்றன. 2ஆம் லைனில் வடக்கே போனால் யுவெசியு பார்க், அண்ணா சொன்ன பள்ளிவாசல், மாறவே தேவையில்லை. சாப்பாட்டுக்குச் சியாவ்பெய் போவதென்றால் அதே வண்டியில் இன்னும் ஒரு நிலையம், குவாங்சோ ரயில் நிலையத்தில் இறங்கி 5ஆம் லைனில் ஒரே நிறுத்தம். 2ஆம் லைனின் தெற்கு முனை எது தெரியுமா, குவாங்சோ தெற்கு ரயில் நிலையம், நீங்கள் ஹூமெனுக்கு வேக ரயில் எடுக்கப் போகிற இடம். வேறு எங்கே தங்கினாலும் இந்த வசதி வராது.

விமான நிலையத்திலிருந்து வரும்போது எல்லாரும் 3ஆம் லைனில் ஏறி நகரத்துக்குள் கடைசி வரைக்கும் அதிலேயே நசுங்குவார்கள். நீங்கள் ஜியாஹேவாங்காங் நிலையத்தில் இறங்கி 2ஆம் லைனுக்கு மாறுங்கள். அது 2ஆம் லைன் புறப்படுகிற இடம், வண்டி காலியாக வந்து நிற்கும், பெட்டிகளோடு இருக்கையில் உட்கார்ந்து சாங்காங் வரை வரலாம். இரவு 11 மணிக்குப் பிறகு வண்டிகள் நின்றுவிடும், உங்கள் விமானம் பிந்தி இறங்குகிறதென்றால் அன்றைக்கு மட்டும் டாக்ஸி.

லிப்ட் அநேகமான நிலையங்களில் இருக்கும், ஆனால் எல்லா வாசலிலும் இருக்காது. வாசல்களுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துண்டு, சக்கர நாற்காலிப் படம் போட்ட எழுத்தைப் பார்த்துப் போங்கள். 1ஆம் லைனில் 2017இலிருந்து காலை மாலை நெரிசல் நேரத்தில் பெண்களுக்கு முன்னுரிமை என்று ஒரு பெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள், ஆண்களும் ஏறத்தான் செய்வார்கள், என்றாலும் மற்றப் பெட்டிகளை விட நின்மதி. 8ஆம் லைனில் அது இல்லை. அதனால் ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் கிளம்பாதீர்கள், கண்காட்சி திறப்பதே ஒன்பதரைக்குத்தான்.

சாகாமம் வீதி, அக்கரைப்பற்று

டிராம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன்.

கண்காட்சி மாலை 6 மணிக்கு மூடும். அந்த நேரம் உள்ளே இருக்கிற சனம் அத்தனையும் சின்காங்தோங், பாஜோ இரண்டு வாசலிலும் போய் முட்டும், வரிசை வெளியே வீதி வரை நிற்கும். நீங்கள் அந்தப் பக்கமே போகாமல் மண்டபங்களின் வடக்குப் பக்கமாக, ஆற்றங்கரைக்கு வெளியேறுங்கள். அங்கே ஹைசூ டிராம் ஓடுகிறது. கன்டன் கோபுரத்திலிருந்து வான்ஷெங்வெய் வரை முத்து ஆற்றை ஒட்டியே 7.7 கிலோமீட்டர், டிக்கட் 2 யுவான். 2014 கடைசி நாளில் தொடங்கியது. தரைமட்டத்தில் ஏறலாம், படி கிடையாது, ராத்தாவுக்கு இதை விட வசதி வேறு இல்லை. தண்டவாளத்துக்கு நடுவில் புல் வளர்த்திருக்கிறார்கள், ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் மரங்கள்.

நான் மின்சாரத் துறையில் வேலை செய்கிறவன், அதனால் இது எனக்கு மிகவும் பிடித்த வண்டி. மேலே பார்த்தால் கம்பி ஒன்றும் இருக்காது. கூரையில் மீமின்தேக்கி (சுப்பர் கபாசிட்டர், மின்சாரத்தை மிக வேகமாகச் சேமிக்கிற சாதனம்) வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறி இறங்குகிற அந்தச் சில விநாடிகளுக்குள் மின்னேற்றம் ஆகிவிடும், அதை வைத்து அடுத்த நிறுத்தம் வரை ஓடும். பிரேக் போடும்போது வருகிற சக்தியையும் திரும்பச் சேமிக்கும். சாதாரண பற்றரியால் இவ்வளவு வேகமாக ஏற்ற முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை தரம் ஏற்றி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், மின்தேக்கி தாங்கும். மெதுவாகத்தான் போகும், அவசரக்காரருக்குச் சரிவராது. நாள் முழுக்க நடந்து களைத்தவர்களுக்கு அந்த மெதுவே நல்லது.

கடைசி நிறுத்தம் 600 மீட்டர் உயரக் கன்டன் கோபுரத்தின் காலடி. அங்கிருந்து 3ஆம் லைனில் ஒரே நிலையம் கெட்சுன், அங்கே 8ஆம் லைன். இந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் 3ஆம் லைனைப் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது கோபுரத்தில் விளக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு ஆற்றங்கரையில் இருந்துவிட்டு, சனம் குறைந்த பிறகு போங்கள்.

தறிக்காரன், மருதமுனை

காத்தான்குடி காக்கா, கல்லடி அக்கா, அக்கரைப்பற்று நண்பர், மூன்று பேருக்கும் நன்றி. ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஜோங்டா சந்தை என்றதும் அவ கண்காட்சியை மறந்துவிட்டா. சாங்காங்கில் தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். காசு எப்படிக் கட்டுவது, ஹூமென் டிக்கட் நாங்களே எடுக்கலாமா, இந்த இரண்டும்தான் இன்னும் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் தண்டவாளமே இல்லை, கோச்சி ஏறுவதென்றால் மட்டக்களப்புக்கு வர வேண்டும், அதனால் ரயில் என்றாலே ராத்தாவுக்குக் கொஞ்சம் பயம்.

கல்லடி நிலா

வெளிநாட்டுக்காரருக்கு டிக்கட் கொடுக்க மாட்டார்கள் என்பது முழுப்பொய் தம்பி. பாஸ்போர்ட்டை நீட்டினால் கவுண்டரிலேயே கொடுப்பார்கள், ரயில்வேயின் 12306 செயலியிலும் பாஸ்போர்ட் பதிந்து வாங்கலாம். புறப்படுவதற்கு 15 நாள் முன்னால் விற்பனை தொடங்கும். டிக்கட் என்பது உங்கள் பாஸ்போர்ட் இலக்கம்தான், தனிக் கடதாசி தேவையில்லை. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். உள்ளே போகும்போது தானியங்கிக் கதவு பாஸ்போர்ட்டை வாசிக்காவிட்டால் பதற வேண்டாம், ஓரத்தில் ஆள் நிற்கிற வாசல் இருக்கும், அவரிடம் காட்டினால் விடுவார்.

குவாங்சோ தெற்கு நிலையம் மிகப் பெரியது. ராத்தா மெதுவாக நடப்பா, அதனால் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய்விடுங்கள். வண்டி எடுக்கச் சில நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். ஹூமென் இருபது நிமிடத்தில் வந்துவிடும், எழும்பித் தயாராக இருங்கள். நிலையத்திலிருந்து உடுப்புச் சந்தைக்கு டாக்ஸி பிடிக்க வேண்டும்.

மெட்ரோவுக்குப் போனில் அலிபே என்ற காசு கட்டுகிற செயலியை வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயே விசா அல்லது மாஸ்டர் அட்டையை அதில் இணைத்து, வெளிநாட்டுப் பாவனைக்கு வங்கியில் திறந்துவிடச் சொல்லுங்கள், அங்கே போய்ச் செய்யலாம் என்று விடாதீர்கள். ராத்தாவின் போனிலும் தனியாகப் போட வேண்டும், வாசலில் காட்டுகிற ஒரு QR குறியீட்டில் இரண்டு பேர் போக முடியாது. போன் சரிவராவிட்டால் இயந்திரத்தில் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் வாங்கலாம், உள்ளே போகும்போது தொட்டு, வெளியேறும்போது துளைக்குள் போட வேண்டும். கட்டணம் 4 கிலோமீட்டருக்கு 2 யுவானில் தொடங்கித் தூரத்துக்கு ஏறும்.

கடற்கரை வீதி, காத்தான்குடி

தம்பி, தங்கச்சி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், துணிக்காரருக்குச் சாங்காங்தான் சரி. இரண்டு விஷயம் மட்டும்.

ஹூமென் பக்கம் போகிற வண்டிகளில் சில ஹொங்கொங் மேற்குக் கௌலூன் வரை போகும். தூங்கிவிடாதீர்கள். நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஹொங்கொங் போகத் தனி விசா வேண்டும், சீன விசா ஒருமுறை நுழைவு என்றால் வெளியே போனவர் திரும்பி வரவும் முடியாது. ஷென்சென் வடக்கு வரை மட்டும் போகிற வண்டியாகப் பார்த்து எடுத்தால் அந்தக் கவலையே இல்லை.

அடுத்தது, நீங்கள் துணி வெட்டிப் பார்க்கிற ஆட்கள். மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்திலும் பையை இயந்திரத்தில் போடச் சொல்வார்கள், வேக ரயிலிலும் அப்படித்தான். ஆறு சென்றிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தரிக்கோல் ரயிலில் போகாது, பறித்துவிடுவார்கள். ராத்தாவின் தையல் கத்தரியை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், சந்தையில் கேட்டால் கடைக்காரரே மாதிரித் துண்டு வெட்டித் தருவார். திரும்பி வரும்போது மாதிரிகளால் பை கனக்கும், ரயிலில் ஒருவருக்கு 20 கிலோதான், நீளம் அகலம் உயரம் கூட்டினால் 130 சென்றிமீட்டரைத் தாண்டக் கூடாது. துணி உருளையாக வாங்கினால் கையில் தூக்காதீர்கள், கடைக்காரரிடமே சொல்லிக் கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.